காற்று நிரப்பும் நேரம்

"மணல் மிகவும் மிருதுவாக இருந்தது. அடுத்த முறை நிர்வாகம் கவனிக்க வேண்டும்."

எங்கள் கிளப்பின் கருத்துப் படிவத்தில் போன ஜூலை மாதம் ஓர் உறுப்பினர் இப்படி எழுதியிருந்தார். ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டு கொடுத்திருந்தார். அந்த இரண்டும் எதற்கு என்று கீழே விளக்கமும் இருந்தது. ஒன்று, நேரத்துக்குக் கிளம்பியதற்கு. இன்னொன்று, நடுவில் கொடுத்த பேரீச்சம்பழத்துக்கு.

ஷார்ஜாவில் குடியிருந்து, துபாயில் வேலை பார்த்து, விடுமுறை நாளில் பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பேர் சேர்ந்து நடத்துகிற கிளப்பில் எனக்கு மார்ஷல் பதவி. அதாவது, சம்பளம் வாங்காமல் முன்னால் போய் வழி காட்டி, பின்னால் புதைந்தவரைத் தோண்டி இழுத்து, வீட்டுக்கு வந்து குளித்த பிறகு நட்சத்திரம் வாங்கிக்கொள்கிற உத்தியோகம். வருகிற கருத்துகளை எல்லாம் படித்துத் தொகுக்கும் வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. மற்ற மார்ஷல்கள் படிக்க மறுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் ரத்த அழுத்தம்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்குச் சின்ன அறிமுகம். துபாயிலிருந்து ஹத்தா போகிற சாலையில் லஹ்பாப் தாண்டினால் மணல் சிவக்க ஆரம்பிக்கும். மணலில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கொடுக்கிற நிறம். இன்னும் கொஞ்சம் போனால் பதாயரில் ‘பிக் ரெட்’ என்று எல்லாரும் கூப்பிடுகிற மேடு, ஏறக்குறைய 100 மீட்டர் உயரம். அபுதாபியின் தென்கோடியில், லிவாவுக்கு அப்பால், தல் மொரீப் இருக்கிறது. அது 300 மீட்டர் என்பார்கள். இந்த மாதிரி மேடுகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை வரிசையாக ஏற்றி இறக்குவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. எதற்காக என்று கேட்காதீர்கள். என் மாமியார் கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.

மணலில் இறங்கும் முன் டயரில் 35 பிஎஸ்ஐ இருக்கும் காற்றை 15க்கு இறக்குவோம். காற்று குறைந்த டயர் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். வண்டியின் பாரம் அதிக இடத்தில் பரவும். சக்கரம் மணலைத் தோண்டாமல் மேலாகவே போகும். அளவுக்கு மீறி இறக்கினால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும். ஆக, பாதிக் காற்றோடு காலை முழுக்க ஓட்டிவிட்டு, தார்ச்சாலைக்குத் திரும்பியதும் இறக்கிய காற்றை மறுபடி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் டயர் சூடாகி வெடிக்கும். நான் சொல்ல வந்த விஷயமே இந்தக் காற்று ஏற்றுகிற இடத்தில்தான் இருக்கிறது.

நான் வந்து சேர்ந்த காலத்தில் கிளப் என்ற பெயர்கூட இல்லை. 2008 வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை அப்போது காலன் கணக்கில் விற்றார்கள், காலன் 6.25 திர்ஹம். வண்டிக்குக் குடிக்கக் கொடுப்பதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. எண்பதுகளிலேயே இங்கு வந்துவிட்ட ஓர் ஆங்கிலேயர், கோட்டயத்துக்காரர் ஒருவர், லெபனானிலிருந்து வந்த சமையல்காரர் ஒருவர், துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்த தூத்துக்குடி அண்ணாச்சி, நான், இன்னும் வாரத்துக்கு வாரம் மாறுகிற சிலர். நான் என்றால், எங்கள் வீட்டம்மாவின் எதிர்ப்பை மீறி வாங்கிய செகண்ட் ஹாண்ட் பஜேரோவும் சேர்த்து.

இத்தனை பேருக்கும் சேர்த்து உருப்படியான பம்ப் ஒன்றே ஒன்று. சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகுகிற வகை. ஒரு டயருக்குப் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். இரண்டு டயர் முடிந்தால் சூடேறித் தானாக நின்றுவிடும். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வண்டிக்கு நாலு டயர், அரை டஜன் வண்டி, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரம் முழுக்கப் பக்கத்து டீக்கடையின் கரக் சாயாவோடு நின்று பேசுவதைத் தவிர யாருக்கும் வேறு வேலை கிடையாது. கருத்துக் கேட்பு, குறை தீர்ப்பு, பொதுக்குழு, செயற்குழு எல்லாம் அங்கேதான் நடந்தன.

ஒருநாள் கும்பகோணத்திலிருந்து வந்த கணக்காளர் ஒருவர், மேட்டில் முக்கால்வாசி ஏறிய பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். வண்டி நின்றது, சறுக்கியது, மூக்கைத் திருப்பிக்கொண்டு புதைந்தது. அண்ணாச்சி அவருக்கு ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தோம். பம்ப் ஓடுகிற வரைக்கும் அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. அது சூடேறி நின்றதும் ஆரம்பித்தார்.

"என்ன தம்பி, பாதி மேட்டுல காலை எடுத்துட்ட?"

"பயந்துட்டேன் அண்ணாச்சி."

"பயப்படுறதுல தப்பில்ல. ஆனா பயப்படுறவன் கீழ நிக்கும்போதே பயப்படணும். ஏறிட்டு அப்புறமா பயந்தா, இழுக்க வாரவன் பயப்படணும்லா?"

கணக்காளர் சிரித்தார். அடுத்த வாரமும் வந்தார். அவருக்கு யாரும் நட்சத்திரம் கொடுக்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

குறைகள் மேல்நோக்கியும் போகும். ஒருநாள் கோட்டயத்துக்காரர் ஆங்கிலேயரிடம் நேராகவே சொல்லிவிட்டார்: நீங்கள் முன்னால் போகிற வேகத்துக்குப் பின்னால் வருகிறவன் உங்கள் தடத்தைத்தான் பார்க்கிறான், உங்களைப் பார்ப்பதே இல்லை என்று. ஆங்கிலேயர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவரிடமே நீட்டி, "அப்படியானால் அடுத்த வெள்ளி நீங்கள் முன்னால் போங்கள்" என்றார். அடுத்த வெள்ளி அவர் போனார். ஒட்டகப் பட்டி ஒன்றின் வேலியில் போய் முட்டி நின்று, எல்லாரும் பின்னோக்கியே வர வேண்டியிருந்தது. அதற்கடுத்த வெள்ளியும் அவரையே போகச் சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் எங்கள் கூட்டத்திலேயே நிதானமாக வழிநடத்தக்கூடியவர் அவர்தான் என்றாகிவிட்டது.

எழுதாத சட்டம் அது. குறை சொன்னவர் அடுத்த வாரம் முன்னால் போக வேண்டும். குறைகளும் இதனால் அளவோடு இருந்தன, வழிகாட்டிகளும் பெருகினார்கள். மேலாண்மைப் படிப்பு படித்தவர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள்.

இப்போது நிலைமை என்ன என்றால், எல்லாரிடமும் பம்ப் இருக்கிறது. பானட்டுக்குக் கீழேயே பொருத்தின இரட்டை சிலிண்டர் கம்ப்ரஸர். ஒரே குழாயிலிருந்து நாலாகப் பிரிந்து நாலு டயருக்கும் ஒரே சமயத்தில் காற்று போகும். குறித்த அளவு வந்ததும் தானே நிற்கும். மதியச் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் மேஜை சொல்லிவைத்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஹாரனில் ஒரு கொட்டு கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கரக் சாயாக்கடைக்காரர் எங்களைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. பேசுவதற்கு இருந்த நேரத்தை அந்தக் கம்ப்ரஸர் தின்றுவிட்டது. பேச்சு போன இடத்துக்குப் படிவம் வந்தது. கைபேசியில் கட்டம் கட்டமான சதுரத்தைப் படம் பிடித்தால் திறக்கும், பதினாலு கேள்வி, பெயர் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் வேண்டாம் என்றதும் தமிழனுக்கும் மலையாளிக்கும் எகிப்தியனுக்கும் எப்படி ஒரே மாதிரி எழுத்துத் திறமை பொங்குகிறது என்பது ஆராய்ச்சிக்குரியது.

வருகிற கருத்துகளில் பெரும்பாதி நேரத்தைப் பற்றி. ஏன் ஆறரைக்கு வரச் சொல்கிறீர்கள், ஒன்பதுக்கு வைக்கக் கூடாதா? காலை மணல் இரவுக் குளிரில் இறுகி இருக்கும், வெயில் ஏறினால் இளகிவிடும், அதனால்தான் என்று பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. கிழமையும் தகராறு. அரசாங்க அலுவலகங்களுக்கு 2006 வரை வியாழனும் வெள்ளியும் லீவு. பிறகு வெள்ளி, சனி ஆயிற்று. 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு; வெள்ளி அரை நாள். ஷார்ஜாவுக்கு மட்டும் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். தனியார் கம்பெனிகள் இஷ்டம் போல. பாலைவனத்துக்கு வெள்ளிக்கிழமை என்று நாங்கள் கெட்டியாகப் பிடித்திருந்த ஒரே மரபும் இதில் போயிற்று. இப்போது எந்த நாளில் வைத்தாலும் பாதிப் பேருக்கு வேலை. மிச்சப் பாதிக்கு மனைவிமார் தீட்டிவிட்ட வேறு திட்டம். ரமலானில் நோன்பு திறந்த பிறகு இரவில் போவோம். அதற்கும் ஒருவர் எழுதியிருந்தார்: "இருட்டாக இருந்தது."

அடுத்த ரகம், தரம் உயர்வு. இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் இரண்டே தரம்: தெரிந்தவர், தெரியாதவர். தெரியாதவர் தெரிந்தவரின் பின்னாலேயே போவார். தெரிந்துவிட்டதா இல்லையா என்பதை மணல் சொல்லும். இப்போது நியூபி, இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு என்று படிக்கட்டு கட்டிவைத்திருக்கிறோம். ஒவ்வொரு படிக்கும் இத்தனை முறை வந்திருக்க வேண்டும், இன்னின்ன செய்து காட்ட வேண்டும்: சரிவில் பக்கவாட்டாக ஓட்டுவது, மேட்டு முனையில் அளவாக நிறுத்தி எட்டிப் பார்த்து இறங்குவது, புதைந்த வண்டியைத் தானே தோண்டி எடுப்பது, இன்னொருவரைக் கயிறு போட்டு இழுப்பது. நல்ல ஏற்பாடு. நானும் சேர்ந்து கைதூக்கித்தான் நிறைவேற்றினோம்.

படிக்கட்டு வந்த நாளிலிருந்து யாரும் மணலைப் பார்ப்பதில்லை; படியைத்தான் பார்க்கிறார்கள். "நான் எல்லா வாரமும் வருகிறேன், எனக்கு ஏன் இன்னும் இன்டர்மீடியட் தரவில்லை?" "மார்ஷல்கள் தங்கள் நண்பர்களுக்கே தருகிறார்கள்." "என்னோடு சேர்ந்தவர் இப்போது அட்வான்ஸ்டு. நாங்கள் ஒரே அலுவலகம்." கடைசியாகச் சொன்னதில் உள்ள வலி எனக்குப் புரிகிறது. பாலைவனத்தில் முன்னேறாவிட்டால் அலுவலகத்தில் முகத்தைக் காட்ட முடியாத நிலைமை.

கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் போனிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. என்னை ஏன் நிறுத்தி வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கலாமுங்களா?"

"தம்பி, நீங்க இதுவரைக்கும் ஒருதடவைகூட ஷவலை எடுக்கலையே."

"நான் ஸ்டக் ஆனதே இல்லீங்கண்ணா. அதுக்கு மார்க் குறைப்பீங்களா?"

நியாயமான கேள்விதான். அவருடைய வண்டி புது லேண்ட் குரூஸர். மணலில் மாட்டினால் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு முறுக்கு, எதற்கு பிரேக் என்று வண்டியே கணக்குப் போட்டு அங்குலம் அங்குலமாக வெளியே வந்துவிடும். அவர் தேர்ந்தவரா, வண்டி தேர்ந்ததா என்று எங்கள் விதிமுறையில் சொல்லவில்லை. கூட்டம் போட்டுப் பேசினோம். வண்டிக்கு இன்டர்மீடியட் கொடுக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். பதிவேட்டில் ஏற்றவில்லை.

என்னுடைய வண்டி பற்றியும் கருத்து வந்திருக்கிறது. அதே பஜேரோதான். அந்த வகை வண்டியின் தயாரிப்பையே கம்பெனி 2021இல் நிறுத்திவிட்டது. "முன்னால் போகும் மார்ஷலின் வாகனம் கிளப்பின் தோற்றத்துக்குப் பொருத்தமாக இல்லை" என்று எழுதிய உறுப்பினரை அன்று காலையில்தான் அந்த வாகனம் இரண்டு தடவை இழுத்துப் போட்டது. படிவத்தில் பெயர் இல்லைதான். ஆனால் அன்று புதைந்தவர் ஒருவர்தானே?

விதிகள் அதிகம் என்பது இன்னொரு நிரந்தரப் புலம்பல். வண்டியில் உயரக் கொடிக்கம்பு கட்ட வேண்டுமாம், முன்னால் போகிறவரை முந்தக் கூடாதாம், கயிற்றில் இரும்பு ஷேக்கிளுக்குப் பதில் துணி ஷேக்கிள்தான் மாட்ட வேண்டுமாம், இழுக்கும்போது யாரும் அருகில் நிற்கக் கூடாதாம், சின்னக் குழந்தைகளை மேட்டுப் பாதைக்குக் கூட்டி வரக் கூடாதாம். பள்ளிக்கூடமா நடத்துகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் பம்பர் இருக்கிறது. மேட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு வண்டி ஏறினால் உச்சியில்தான் ஒருவரை ஒருவர் பார்க்க முடியும். கொடி இருந்தால் வண்டிக்கு முன்னே அது தெரியும். கயிறு அறுந்தால் அதில் இருக்கும் இரும்பு குண்டு போலப் பறந்து கண்ணாடியைத் துளைக்கும். நசுங்கின பம்பரோடு திரும்பினால், போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் இந்த ஊரில் எந்தக் கராஜும் அதைத் தொடாது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் சாலையை விட்டு இறங்கினால் காப்பீடு உண்டா என்று அன்றைக்குத்தான் பலர் முதன்முதலாகப் படிப்பார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு விதியே இல்லை என்று பெருமையாகச் சொல்லும் பழைய ஆட்களிடம் பழைய பம்பரும் இல்லை.

"எப்போதும் அதே பாதை" என்ற குறைக்கு மட்டும் எனக்குக் கோபம் வராது, வருத்தம்தான் வரும். நான் வந்தபோது மணல் திறந்து கிடந்தது. இப்போது எங்கே திரும்பினாலும் வேலி. துபாயின் பாலைவனக் காப்பகத்துக்கு 2003லேயே வேலி போட்டுவிட்டார்கள். 225 சதுர கிலோமீட்டர், அந்த எமிரேட்டின் நிலத்தில் ஏறக்குறைய 5 சதவீதம். ஓரிக்ஸும் மானும் வாழ்கிற இடம், சரிதான். ஷார்ஜாவில் மலீஹா பக்கம் ஃபாயா மலைப்பகுதியை 2025இல் யுனெஸ்கோ உலக மரபிடமாகச் சேர்த்தது. கற்கால மனிதர்கள் வாழ்ந்த தடயம் அங்கே இருக்கிறது. நம் ஆட்கள் டயர் தடத்தை அதன் மேல் போடுவதற்கு முன்னாலேயே காப்பாற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இது போக எண்ணெய்க் குழாய் வேலி, ஒட்டகப் பட்டி வேலி, புதிதாக முளைத்த குடியிருப்புகள். கேட் எங்கே திறந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே இப்போது வழிநடத்துகிறவரின் பாதி வேலை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: அதே பாதை என்கிறார்களே, வடமேற்கிலிருந்து ஷமால் இரண்டு நாள் வீசினால் மேட்டு முனை இடம் மாறிவிடும், போன வாரம் இறங்கின சரிவு இந்த வாரம் பள்ளத்தாக்காகக் கிடக்கும். பாதைதான் அதே, மணல் எங்கே அதே?

மொழிப் பிரச்சினையும் இருக்கிறது. கையில் ரேடியோ வந்த பிறகு எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று வைத்தோம். அமைதியாக இருக்கும்வரை ஆங்கிலம் வரும். பின்னால் வருகிறவர் மேட்டில் திணறுவதைக் கண்ணாடியில் பார்த்தால் என் வாயில் "மிதி, மிதி, விடாதே மிதி" என்றுதான் வருகிறது. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் இதைக் கேட்டே மிதித்து மேலே வந்துவிட்டார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை அவர் கேட்கவில்லை. கருத்துப் படிவத்தில் கேட்டவர் தமிழர்: "ரேடியோவில் தமிழைத் தவிர்க்கவும். நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

எங்கள் நிர்வாகத் திறமை திடீரென்று உயர்ந்த ஒரு பருவமும் உண்டு. 2024 ஏப்ரல் 16 அன்று இந்த நாட்டில் 75 ஆண்டுகளில் காணாத மழை பெய்தது. அல் ஐன் பகுதியில் கத்ம் அல் ஷக்லாவில் மட்டும் 24 மணி நேரத்துக்குள் 254 மில்லிமீட்டர். துபாய் சாலைகள் ஏரியாயின, விமான நிலையத்தில் ஓடுபாதை முழுகியது. எங்கள் பயணங்களை எல்லாம் ரத்து செய்தோம். தண்ணீர் வடிந்து மறுபடி போனபோது மணல் ஈரம் ஊறி, தட்டிவைத்த தரை போல இருந்தது. மேடுகளுக்கு நடுவில் குட்டைகள், அங்கங்கே பச்சை. யாரும் புதையவில்லை. நியூபிகள் எல்லாம் அட்வான்ஸ்டு போல ஏறினார்கள். அந்த வாரங்களின் படிவங்களை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். வரிசையாக ஐந்து நட்சத்திரம். "மார்ஷல்களின் பயிற்சி முறை வெகுவாக மேம்பட்டுள்ளது." "வழி தேர்ந்தெடுத்த விதம் அருமை." நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. மே கடைசியில் வெயில் ஏறி மணல் காய்ந்து மாவானது. எங்கள் பயிற்சி முறையும் பழைய நிலைக்குத் திரும்பியது. நட்சத்திரம் அளப்பது எங்களை அல்ல, மணலின் ஈரத்தை என்று வானிலைத் துறைக்கு எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

இதில் காசு பணம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சங்கம் வைப்பதற்கு இந்த நாட்டில் அனுமதி வேண்டும், நன்கொடை திரட்டவும் அனுமதி வேண்டும். ஆகவே நாங்கள் சந்தா வாங்குவதில்லை. பெட்ரோல் அவரவர் காசு. 2015 ஆகஸ்டிலிருந்து அரசு விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு மாதாமாதம் விலை அறிவிக்கிறது; 2022 ஜூலையில் ஸ்பெஷல் 95 லிட்டருக்கு 4.52 திர்ஹம் வரை போய்த் திரும்பியது. மார்ஷல் தன் காசில் பெட்ரோல் போட்டு, தன் காசில் கயிறு வாங்கி, முந்தின வாரமே போய்ப் பாதை பார்த்துவிட்டு வர வேண்டும். இத்தனைக்கும் பிறகு உறுப்பினர்கள் கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வந்து நிற்கிறார்கள். காபி ஆறிவிட்டது, பாயில் கிழிசல், பெண் வீட்டார் வாசலுக்கு வந்து கூப்பிடவில்லை.

ஆனால் அவர்கள் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் இல்லை. வந்தவர்களை மாப்பிள்ளை வீட்டாராக்கியது அந்தப் படிவம்தான். பதினாலு கேள்வியிலும் "உங்களுக்கு நாங்கள் எப்படிச் செய்தோம்" என்று கேட்டுவிட்டு, அவர்கள் வாடிக்கையாளர் போலப் பதில் சொல்கிறார்கள் என்று குறைப்படுவதில் அர்த்தம் இல்லை. பம்ப் பக்கத்தில் நின்று பேசியபோது கேள்வி கேட்டவன் கையிலும் மணல், பதில் சொன்னவன் கையிலும் மணல். வேகம் அதிகம் என்று கோட்டயத்துக்காரர் சொன்னபோது, வேகத்தைக் குறைப்பதும் தன் வேலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால் போன கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். பழைய சட்டத்தைப் படிவத்திலேயே சேர்த்துவிடுவோம். பதினைந்தாவது கேள்வி: "மேலே நீங்கள் சொன்ன குறையைச் சரிசெய்ய, அடுத்த பயணத்தில் முன்னாலோ கடைசி வண்டியாகவோ வந்து உதவுவீர்களா? ஆம் என்றால் பெயரை எழுதவும்." எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சேர்த்தோம்.

வருகிற படிவங்கள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. எழுதியவர்களில் பலர் பதினைந்தாவது கேள்வியைத் தாண்டிப் போயிருந்தார்கள். ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: "படிவம் நீளமாக இருக்கிறது." இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருவர் அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி. இரண்டு வாரமாகக் கடைசி வண்டியாக வருகிறார். கடைசியில் வருகிறவருக்கு முன்னால் போன அத்தனை வண்டியும் உழுதுபோட்ட மணல்தான் மிச்சம். லேண்ட் குரூஸரின் பொத்தான் அங்கே அவ்வளவாக எடுபடவில்லை. போன சனிக்கிழமை ஷவல் பிடித்தார். உள்ளங்கையில் கொப்புளம் வந்ததைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இன்டர்மீடியட் கொடுத்துவிட்டோம்.

எங்களுக்கு இன்னும் ஆட்கள் வேண்டும். எமிரேட்ஸில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், ஃபோர் வீல் வண்டி வைத்திருந்தால், எங்கள் கிளப்பானாலும் வேறு கிளப்பானாலும் ஒருநாள் கடைசி வண்டியாக வருகிறேன் என்று பெயர் கொடுங்கள். டேங்க் நிறைய பெட்ரோல், ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், பிரஷர் பார்க்கும் மானி, ஒரு ஷவல் போதும். பம்ப் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். என்னிடம் அந்தப் பழைய பம்ப் இருக்கிறது. ஒரு டயருக்குப் பத்து நிமிஷம் ஆகும். சாயா என் கணக்கு.